பனையடியூரில் நின்ற வெளிச்சம்

ஆவுடைநாயகம் தன் மனைவி முப்பிடாதியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆடி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். வீட்டுக்குப் பின்னால் வேலியோரம், கொடிக்கம்பியில் தலைகீழாகத் தொங்கிக் காய்ந்த பல்புகளை எல்லாம் கழற்றி வைக்கோல் போட்ட பெட்டிகளில் அடுக்கி முடித்துவிட்டு, ஒன்றை மட்டும் கையில் வைத்து, வெயிலுக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சாயம். வாசலில் வேன்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். “ஏளா, போதும், குடு” என்று ஆவுடைநாயகம் கையை நீட்ட, கொடுக்க மனமில்லாதவளைப் போலக் கொடுத்து, “ஊறுகாய தூக்குச்சட்டி மூடியிலயே வச்சிருக்கேன், பாக்காம கவுத்திராதிய” என்றாள். அவர் “ம்” என்றார். முப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு முப்பிடாதி சாய டப்பாக்களைக் கழுவப் போன இடத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டாள். செய்தி சைக்கிளில் பனையடியூருக்கு வந்து சேர்ந்தபோது ஆவுடைநாயகம் அந்த ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் தெருமுனையில் மூங்கில் மேல் ஏறி விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று சொன்னவரைப் பார்த்து, “இந்தா வாரேன்” என்றார். ஆனால் உடனே இறங்கவில்லை. கையில் இணைக்காத ஒயர் இருந்தது. இணைக்காத ஒயரைத் தொங்கவிட்டுவிட்டு இறங்குவது அந்தத் தொழிலில் கிடையாது. யார் கைபட்டு யார் போவார்கள் என்று தெரியாது. இரண்டு முனையையும் சீவினார், முறுக்கினார், டேப் சுற்றினார், பல்லால் கடித்து அறுத்தார். பிறகு இறங்கிவந்து கொடைக் கமிட்டிக்காரர்களிடம், “ஆறு மணிக்கு சுவிட்சப் போட்டுருங்க” என்றார்.

“அண்ணாச்சி, இந்த நேரத்துல வெளக்கு எதுக்கு?” என்று அவர்கள் தயங்கினார்கள்.

“அவ சாயத்துல முக்குனது. எரியாம கெடக்க வேண்டாம்.”

அப்படித்தான் முப்பிடாதியின் கடைசி வெளிச்சம், அவள் கூடத்தில் மாலையோடு கிடந்த அதே சாயங்காலம், பதினாறு மைல் தள்ளிப் பனையடியூரில் எரிந்தது.

ஆவுடைநாயகத்துக்கு ஆவாரங்குளத்தில் சீரியல் செட் தொழில். மூங்கில் சட்டத்தில் மயில், யானை, வேல் எல்லாம் கட்டி, அதில் பல்பு மாட்டி, ஒன்றுவிட்டு ஒன்று அணைந்து எரிகிற மாதிரி வைத்தால் மயில் ஆடும், யானை தும்பிக்கையைத் தூக்கும். பல்பு எல்லாம் வெறும் கண்ணாடி. சாயத்தில் முக்கித்தான் நிறம். கடையில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நாலு டப்பா கிடைக்கும், ஊரெல்லாம் அந்த நாலுதான். கல்யாணமான புதிதில் கை உதவிக்கு என்று முக்க உட்கார்ந்த முப்பிடாதி, நாலும் போதவில்லை என்றாள். கலக்கினாள். ஒருமுறை முக்கிக் காயவைத்து, அதன்மேல் வேறொன்றில் தொட்டும் தொடாமலும் முக்கி, மறுபடி காயவைத்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால் எரியவிட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் உரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். முக்குகிற நேரம் யாரோடும் பேசமாட்டாள். முகம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். சிரிப்பாள், உதட்டைக் கடிப்பாள், ஒருநாள் கண்ணீர் சாயத்தில் விழுந்து அந்த டப்பாவையே கொட்டிவிட்டாள். “தண்ணி சேந்தா திரிஞ்சிரும்” என்றாள். “அழுக வேற, அழுக நெறம் வேற.”

அவள் நிறங்களுக்கு வைத்த பெயர்களும் கடைப் பெயர்கள் இல்லை. அவளுடைய ஒன்பது வயதில், கொழும்புக்குப் போன அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் வந்து இறங்கினானாம். அது ‘பஸ்ஸ விட்டு எறங்குத மஞ்சள்’. பக்கத்து வீட்டுக் கொடுக்காப்புளியைத் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்று சாதித்தது ‘மாட்டிக்கிடாத ஊதா’. ஒரு நீலத்துக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. கேட்டால், “அது எங்கம்மா போன அன்னைக்கு” என்பாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆவாரங்குளத்துக் கொடையில்தான் அது முதலில் நடந்தது. செவ்வாய் கொடை, புதன் உச்சிப்பூசை, வியாழன் காலையில் சட்டத்தை அவிழ்த்துப் பல்பெல்லாம் சாக்குக்குப் போய்விட்டது, ஆனால் வெளிச்சம் போகவில்லை. கோயிலிலிருந்து புளியமரம் வரைக்கும் எந்தெந்த இடத்தில் எந்தெந்த நிறம் விழுந்திருந்ததோ அந்தந்த இடத்தில் அப்படியே கிடந்தது. பகலில் ஈரம் காய்ந்த தடம் மாதிரி மங்கலாக இருக்கும். பொழுது சாய்கிற நேரம் தெளிந்து எழும்பும். அதற்குள் நடந்தவர்களுக்கு முப்பிடாதி அந்தப் பல்பை முக்கியபோது என்னவாக இருந்தாளோ அதுவாக இருந்தது. மஞ்சளுக்குள் போனவர்கள், ரொம்ப நாள் எதிர்பார்த்த ஆள் வந்து இறங்கிவிட்ட மாதிரி வேகமாக நடந்தார்கள். ஊதாவுக்குள் போனவர்கள் காரணமில்லாமல் இளித்தார்கள்.

ஊர் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசியது. மூன்றாம் நாள் அதோடு எப்படி இருப்பது என்று பேசத் தொடங்கியது. மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் மீட்டரோடு வந்து தெருவை மேலும் கீழும் சோதித்து, ‘மின்சாரம் இல்லை, வெளிச்சம் உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மஞ்சளுக்குள் கொஞ்ச நேரம் நின்று, பிறகு யாரையோ பார்க்க வேண்டும் என்று சொல்லி அவசரமாகப் போனார். பஞ்சாயத்துக் கூட்டம் வழக்கமாக நடக்கும் இடத்தில் ஊதா விழுந்திருந்தது. அங்கே யாரும் உண்மை பேசவில்லை என்பதோடு பேசாததற்குச் சந்தோஷமும் பட்டார்கள் என்பதால் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மஞ்சளில் வைத்துப் பெண் பார்க்கக் கூடாது, ஓட்டுக் கேட்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள், ஏனென்றால் அங்கே வைத்து எதைக் கேட்டாலும் ஆட்கள் சரி என்றார்கள். கண்டக்டர் ஒருவர், “தென்காசிக்கு டிக்கெட் எடுத்தவன்லாம் உங்க ஊர்ல எறங்கிக்கிடுதான், ஸ்டாப்ப அந்தப் பக்கம் தள்ளி வையுங்கவே” என்று சண்டைக்கு வந்தார், தள்ளி வைத்தார்கள். ஒன்பது வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேரின் நடுச்சுவரில் ஒரு பச்சை விழுந்து இரண்டு முற்றத்துக்கும் வழிந்திருந்தது. அவர்கள் சேர்ந்துவிடவில்லை. ஆனால் சாயங்காலமானால் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், அந்தப் பக்கம் ஒரு கட்டில்; இவர் இருமினால் அவரும் இருமினார்.

பெயர் வைக்காத நீலத்துக்குத்தான் வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். அழ வேண்டிய நேரத்தில் அழ முடியாமல் போனவர்கள். ரயிலில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி நாலு வருஷம் கல்லாக இருந்தவளாம். வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, உள்ளே போய் அரைமணி நேரம் நின்று அழுதாள். அந்த நேரம் அந்த வழியாகப் போக வேண்டியவர்கள் சுற்றிப் போனார்கள். பிறகு குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, “அடுத்த பஸ் எத்தன மணிக்கு?” என்று கேட்டாள்.

இருபது, இருபத்தைந்து நாள் இருக்கும் வெளிச்சம். பிறகு குட்டை வற்றுகிற மாதிரி ஓரத்திலிருந்து சுருங்கிப் போய்விடும். அடுத்த கொடைக்குப் புதிது வரும். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரும் முப்பிடாதி முக்கிய செட்டுத்தான் வேண்டும் என்றது. எல்லைத் தகராறில் இருந்த ஒரு ஊர்க்காரர்கள் தனியாக வந்து, “ரோசம் வாரது மாதிரி ஒரு செவப்பு வேணும்” என்று கேட்டார்கள்.

“கோவத்த நான் முக்குறதில்ல” என்றாள் முப்பிடாதி.

“ஏம்மா, ஒங்களுக்குக் கோவமே வராதாக்கும்?”

“வரும். பல்புல ஒட்ட மாட்டேங்குது. காஞ்ச ஒடனே உரிஞ்சு விழுந்துருது.”

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தார். ஆவுடைநாயகம் எந்த நிறத்துக்குள் நின்றாலும் அவருக்கு மஞ்சள் மஞ்சளாகவும் நீலம் நீலமாகவும் தெரிந்ததே தவிர, வேறு எதுவும் வரவில்லை. கம்பம் நடும்போதும் ஒயர் இழுக்கும்போதும் அந்த வெளிச்சங்களுக்குள்ளேயேதான் கிடந்தார். ஊரே விம்முகிற இடத்தில் நின்று எந்தப் பல்பு பீஸ் போயிருக்கிறது என்று பார்த்தார். மைக் செட் போடும் குருசுமுத்து, அவருடைய கூட்டாளி, இதைக் கண்டுபிடித்துவிட்டான். “அண்ணாச்சிக்கு உள்ளுக்குள்ள பீஸ் போயிருக்கு. மதினிட்ட சொல்லி ஒங்களயே ஒருக்கா முக்கி எடுக்கணும்” என்பான். அவரும் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது. தன்னிடம் மனசு என்று ஒன்று இல்லையோ, அல்லது அவள் அந்தப் பல்புகளில் வைத்த எத்தனையோ விஷயங்களில் தன்னைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லையோ, இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும் என்று பன்னிரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். அவளிடம் கேட்டதில்லை. அவள் ஒருமுறை, “எப்படி இருக்கு?” என்று கேட்டதற்கு, “நல்லா இருக்கு. மூணு பல்பு மங்கலா எரியுது” என்றார். அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே அந்த மூன்றையும் மாற்றினாள்.

கடைசியாகப் பனையடியூருக்கு முக்கியெடுத்த நிறம் அவளுக்குப் பதினோரு வருஷமாக வராமல் இருந்த நிறம். வருஷாவருஷம் பத்துப் பல்பு முக்குவாள், சுவருக்கு முன்னால் எரிப்பாள், “இன்னும் வரல” என்று உரிப்பாள். என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மாதிரி, அதன் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிற மாதிரி. அந்த ஆடியில் ஒருநாள் எரித்துப் பார்த்துவிட்டு, உரிக்காமல் உள்ளே போய் உலை வைத்தாள். மறுநாளிலிருந்து நானூறு பல்பையும் அதிலேயே முக்கினாள். பெட்டியைத் திறந்து பார்த்த பனையடியூர்க் கமிட்டிக்காரர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. “என்னது இது, கலரே இல்ல? சாயம் தீந்துபோச்சா?” என்று மூங்கிலில் இருந்த ஆவுடைநாயகத்திடம் கேட்டார்கள். அவர், “எரிஞ்சப்பெறவு பாருங்கன்னு சொல்லச் சொன்னா” என்றார். அதன் பிறகுதான் சைக்கிள் வந்தது.

கொடை முடிந்ததும் பல்பையெல்லாம் குருசுமுத்துதான் அவிழ்த்துக் கொண்டுவந்து சாக்கோடு தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போனான். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள், “எங்கூட வந்திருங்கப்பா” என்று அழுது கூப்பிட்டு, அவர் வராததால் மறுநாள் காலை பஸ்ஸில் போனாள். வீட்டில் அவர் மட்டும். ஆவணி பிறந்திருந்தது. ஆவணியில் கொடை கிடையாது. அந்த மாதத்தில் வருஷம் தவறாமல் செய்கிற வேலை ஒன்றுதான். அண்டாவில் வெந்நீர் போட்டுக் காரச் சோடாவைக் கரைத்து, ஓட்டை போட்ட பலகையில் பல்புகளைத் தலைகீழாகச் செருகி, பித்தளை மூடி நனையாமல் கண்ணாடியை மட்டும் முக்கிப் பழைய சாயத்தை உரித்துவிடுவார்கள், புது வருஷத்துக்குப் புதுச் சாயம் ஏற்ற. ஆவுடைநாயகத்தின் கை அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தது. கை சாக்கை அவிழ்த்தது. முப்பது வருஷம் செய்த வேலை, யோசிக்க ஒன்றும் இல்லை, யோசிக்காமல் இருப்பது நன்றாகவும் இருந்தது. பலகை பலகையாக முக்கி எடுத்து, கண்ணாடி பளபளவென்று வர, துடைத்துத் துடைத்து அடுக்கினார்.

கடைசிப் பலகை நடக்கும்போது குருசுமுத்து வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“அண்ணாச்சி. அது பனையடியூர் சாக்குல்லா?”

அவர் அண்டாவைப் பார்த்தார். தண்ணீர் அரிசி களைந்த நிறத்தில் இருந்தது.

“என்ன காரியம் பண்ணிட்டிய! மதினி கடைசியா முக்குனதுல்லா அது! ஒண்ணு ரெண்டாவது…”

ஒன்றுகூட மிச்சமில்லை. ஆவுடைநாயகம் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். குருசுமுத்துவால் அதைப் பார்க்க முடியவில்லை. அடுப்பிலிருந்த விறகை இழுத்துப் போட்டுவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னான்: பனையடியூரில் அந்த வெளிச்சம் இன்னும் இருக்கிறது. ஆனால் சுருங்கிக்கொண்டு வருகிறது. மாவு மில் சுவரோரம்தான் கொஞ்சம் பாக்கி. “ஊரே அங்கதான் உக்காந்து கெடக்கு. என்னமோ ஒண்ணு வருதுங்காக, என்னன்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. ஒரு எட்டுப் போயிட்டு வாங்க.”

“பாப்போம்” என்றார்.

இரண்டு நாள் போகவில்லை. பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். போய் நின்று, எப்போதும் போல ஒன்றும் ஆகாவிட்டால்? மற்ற நிறங்களில் தான் இல்லை என்பதைத் தாங்கிக்கொள்ளலாம், அவளுக்கு அண்ணன் இருந்தார், அம்மா இருந்தார். இது பதினோரு வருஷம் தேடிக் கண்டுபிடித்தது, அதிலும் இல்லை என்றால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. போகாமல் இருந்தால் வெளிச்சம் தானாக முடிந்துபோகும், கேள்வியும் முடிந்துபோகும். மூன்றாம் நாள், அது முடிந்துபோகும் என்கிற நினைப்பே அவரைப் பஸ் ஏற்றிவிட்டது.

பனையடியூரில் இறங்கியபோது ஐந்து மணி. மாவு மில் வைத்திருக்கும் பூதத்தான் அவரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார். தெருவில் புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மில் சுவரோரம் பத்தடி நீளத்துக்கு, ஒரு வேட்டி அகலத்தில், அந்த வெளிச்சம் கிடந்தது; கலரே இல்லை என்று முகம் சுண்டிய கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் அதற்குள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடைநாயகத்தைப் பார்த்ததும் எழுந்து, பெஞ்சையும் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

“நேத்துக்கூட அந்தக் கதவு வரைக்கும் இருந்துச்சு” என்றார் பூதத்தான், தன் கவனக்குறைவால் குறைந்துபோனது போல. “எங்க வீட்டுல பொம்பள இல்ல, தெரியும்லா, நான் கட்டிக்கிடவே இல்ல. இதுக்குள்ள உக்காந்தா, எப்படிச் சொல்ல, உள் ரூம்புல யாரோ பாத்திரத்த எடுத்து வைக்காக, நம்மள ஒண்ணும் கூப்பிடல, நாமளும் கூப்பிடல, ஆனா ஆள் இருக்காக. அது மாதிரி. நீங்க நில்லுங்க.”

ஆவுடைநாயகம் உள்ளே போய் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. பழக்கத்தில் கண் எந்த இடம் மங்கலாக இருக்கிறது என்று தேடியது. எல்லா இடமும் மங்கல்தான். ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு முதுகுப் பக்கம் ஒரு நிம்மதி தெரிந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, திரும்பிப் பார்க்காமலே தெரிகிற நிம்மதி. பின்னால் எங்கோ அவள் ஒரு வேலையாக இருக்கிறாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் எதையாவது கேட்பாள், கேட்காவிட்டாலும் பரவாயில்லை. அவருக்கு அது புதிதாக இல்லை. நன்றாகத் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் பல் தேய்க்கும்போதும் ஒயர் சீவும்போதும் திங்கட்கிழமையும் புதன்கிழமையும் இதற்குள்ளேயேதான் இருந்திருக்கிறார். நனைந்த துணியில் தண்ணீரைத் தெளித்தால் எங்கே தெரியும். பன்னிரண்டு வருஷமாக அவள் வெளிச்சங்களில் நின்றபோதெல்லாம் அவர் ஏற்கெனவே தொப்பலாக நனைந்து நின்றார். இந்த இருபது நாளாகத்தான் காய்ந்திருக்கிறார்.

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி, தெரியுதா?” என்றார் பூதத்தான், வெளிச்சத்துக்கு வெளியே நின்று.

“தெரியுது.”

“என்னதுன்னு உங்களுக்காவது சொல்ல வருதா? இங்க இருவது நாளா அடிச்சுக்கிடுதோம்.”

ஆவுடைநாயகம் சுவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “இது எங்க வீடு” என்றார்.

பூதத்தானுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் பெஞ்சோடு தள்ளி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தியளாவே” என்றார் மெதுவாக. “இம்புட்டு நாளும் நாம அவுக வீட்டுக்குள்ளயா உக்காந்து கெடந்தோம். செருப்பக்கூடக் கழத்தலயே.”

ஆவுடைநாயகம் மில்லிலேயே தங்கினார். மறுநாள் வெளிச்சம் ஐந்தடியாயிற்று, அதற்கு மறுநாள் ஒரு ஆள் நிற்கிற அளவாயிற்று. அந்த இரண்டு நாளும் அவர் ஒருவரே நிற்கவில்லை. பூதத்தானைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார், கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார், வாங்க, வாங்க, உள்ள வாங்க என்று, விருந்தாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டார், அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிச்சம் எழும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஆறரை பஸ்ஸுக்குப் போனார்.

தீபாவளிக்கு முன்னால் பூதத்தானிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மில்லுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்திருக்கிறது, தெருப்பக்கச் சுவரையும் சேர்த்து அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள் என்று ஆவுடைநாயகம் பதில் எழுதினார். பூதத்தான் மற்ற மூன்று சுவர்களுக்கும் வெள்ளை அடித்தார். தெருப்பக்கச் சுவரில் காரை உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது.